மாநாட்டுக்குள் ஓர் அறை

போன வருடம் எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. அதில் இரண்டே வசனங்கள். ‘உங்கள் செயலமர்வு முன்மொழிவு ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. எனினும் அதற்கான செலவுகள் அனைத்தையும் ஏற்பாட்டாளர்களே பொறுப்பேற்க வேண்டும்.’ முதல் வசனத்தை வாசித்து சந்தோஷப்பட்ட நேரத்தைவிட இரண்டாவது வசனத்தோடு மல்லுக்கட்டிய நேரம்தான் அதிகம். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அந்த இரண்டாவது வசனத்துக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. தமிழாய்வு உலகில் அது 1964இல் இருந்தே நடக்கிறது, நமது இஸ்லாமியத் தமிழ் இலக்கியமும் அதற்குள் அகப்பட்டே வந்திருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

கீழைத்தேய ஆய்வாளர்களின் சர்வதேச மாநாடு என்று ஒன்று இருந்தது. 1873இல் பாரிஸில் தொடங்கியது. சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரு பெரிய நகரத்தில் கூடும். சமஸ்கிருதம், அரபு, பாரசீகம், சீனம், எகிப்தியல் என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கும். கிழக்கைப் பற்றி மேற்கு பேசிய மேடை என்று பிற்காலத்தில் அதற்குக் கெட்ட பெயரும் வந்தது. 1973இல் பாரிஸில் நூற்றாண்டு நிறைவோடு கூடியபோது ‘கீழைத்தேய’ என்ற பெயரையே கழற்றிப் போட்டுவிட்டார்கள். ஆனால் நல்ல பெயர் இருந்தாலும் கெட்ட பெயர் இருந்தாலும், உலகத்தின் மொழியியலாளர்களும் வரலாற்றாசிரியர்களும் ஒரே கூரையின் கீழ் வந்து நிற்கும் இடம் அதுவாகத்தான் இருந்தது.

அந்த மாநாட்டின் 26ஆவது அமர்வு 1964 ஜனவரியில் புதுடில்லியில் நடந்தது. இந்தியாவில் அது கூடியது அதுவே முதல் தடவை. தமிழுக்கு அங்கே தனிக் கதிரை இருக்கவில்லை. இந்தியவியல் என்ற பெரிய குடைக்குக் கீழே, சமஸ்கிருதத்தின் நிழலில், திராவிட மொழிகள் என்ற ஓரத்தில் ஒதுங்கித்தான் தமிழ் நிற்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பரோவும் எமனோவும் சேர்ந்து செய்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961இலேயே ஒக்ஸ்போர்டில் இருந்து வெளிவந்துவிட்டது. ஆய்வு வளர்ந்துவிட்டது, அந்த ஆய்வு வந்து உட்கார இடம் வளரவில்லை.

இதை உணர்ந்தவர்களில் முக்கியமானவர் நமது நாட்டவர். ஊர்காவற்றுறைக்கு அருகே கரம்பனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள். கத்தோலிக்கக் குருவானவர். 1952இல் இருந்து ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஆய்விதழை நடத்தி, தமிழ் வாசிக்காத உலகத்துக்குத் தமிழைச் சொல்லிக்கொண்டிருந்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துவிட்டு 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைக்குப் போய்ச் சேர்ந்தார். அவரும் கேரளப் பல்கலைக்கழகத்தில் இருந்த வ.ஐ. சுப்பிரமணியமும் ஒரு யோசனை செய்தார்கள். டில்லி மாநாட்டுக்கு எப்படியும் வரப்போகிற தமிழாய்வாளர்களுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதினார்கள். மாநாட்டுக்கு இடையில் ஒருநாள், ஜனவரி 7, நாம் தனியாகக் கூடிப் பேசுவோம் என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம்.

அன்று அந்தக் கூட்டத்தில்தான் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. தலைவர் பாரிஸ் கொலேஜ் டி பிரான்ஸின் பேராசிரியர் ஜோன் ஃபிலியோசா. துணைத்தலைவர்களாக ஒக்ஸ்போர்டின் பரோ, கலிபோர்னியாவின் எமனோ, லைடனின் குய்ப்பர், தமிழ்நாட்டின் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார், மு. வரதராசனார். செயலாளர்கள் தனிநாயகம் அடிகளும் பிராக் நகரத்துக் கமில் சுவலபிலும்.

இந்தப் பெயர்களைப் பாருங்கள். பாரிஸ், ஒக்ஸ்போர்ட், பேர்க்லி, லைடன், பிராக், கோலாலம்பூர். இத்தனை பேரையும் ஒரு அறைக்குள் கொண்டுவர அன்று ஒரு தமிழ் அமைப்புக்கு எவ்வளவு பணம் தேவைப்பட்டிருக்கும்? விமானச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு. கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் அவர்கள் ஏற்கெனவே டில்லிக்கு வந்திருந்தார்கள். பெரிய மாநாட்டின் பெயரால், அந்தச் செலவு எங்கிருந்தோ கிடைத்துத்தான் வந்திருந்தார்கள். தமிழ்க் கூட்டத்துக்கு ஆன செலவு என் கணக்கில் தபால் முத்திரையும் தேநீரும்தான். இன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ‘மாநாட்டோடு ஒட்டிய செயலமர்வு’ என்று சொல்வதன் முழுச் சூட்சுமமும் இதுதான். பெரிய மாநாடு ஆட்களைக் கொண்டுவருகிறது, சின்னச் செயலமர்வு அந்த ஆட்களைப் பயன்படுத்திக்கொள்கிறது. அடிகளார் அதை முன்மொழிவுப் படிவமும் பாதீட்டு அட்டவணையும் இல்லாமலே செய்துவிட்டார்.

என்னிடம் கேட்டால் தமிழாய்வு வரலாற்றில் மிகவும் மலிவாக நடந்த, மிகவும் பயன்பட்ட கூட்டம் அதுதான்.

ஆனால் மன்றம் பிறந்த மறுநாளே பணப்பிரச்சினை தொடங்கிவிடுகிறது. இனி அடுத்தவன் வீட்டுத் திண்ணையில் கூட முடியாது. சொந்தமாக மாநாடு வைக்க வேண்டும். மன்றத்துக்கு நிலமோ வருமானமோ கிடையாது. ஆகவே ஒவ்வொரு தடவையும் ஒரு வீட்டுக்காரரைத் தேட வேண்டியதாயிற்று. முதலாவது வீட்டுக்காரர் மலேசியா. அடிகளார் அங்கே துறைத்தலைவராக இருந்தது அதற்கு வழிவிட்டது. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாடு கூடியது. தொடக்கி வைத்தவர் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். நமது வாசகர்கள் இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். மலாய் முஸ்லிம் பிரதமர் ஒருவர், கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர் கூட்டிய தமிழ் மாநாட்டைத் தொடக்கி வைக்கிறார். அந்த மாநாட்டின் கட்டுரைகள் இரண்டு தொகுதிகளாக அச்சில் வந்தன. இன்றும் ஆய்வாளர்கள் அவற்றைப் புரட்டுகிறார்கள்.

இரண்டாவது மாநாடு 1968 ஜனவரியில் சென்னையில். அண்ணாதுரை முதலமைச்சராகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அரசு முழு மூச்சோடு இறங்கியது. ஊர்வலம், அலங்கார வண்டிகள், பொருட்காட்சி என்று ஆய்வரங்கு ஒரு பக்கமும் திருவிழா ஒரு பக்கமுமாக நடந்தது. மெரினா கடற்கரையில் பத்துச் சிலைகள் எழுந்தன. வள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, பாரதியார், பாரதிதாசன், வ.உ. சிதம்பரம்பிள்ளை, போப், கால்டுவெல், வீரமாமுனிவர்.

மூன்று பாதிரிமார் இருக்கிறார்கள். அவர்கள் தமிழுக்குச் செய்தது பெரிது, அந்த மரியாதை நியாயமானது. ஆனால் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அந்தக் கடற்கரையில் இல்லை. இதைச் சொல்லும்போது என் நண்பர் ஒருவர், “சிலை வைக்கிறது நமக்கு ஆகாதே, நல்லதுதானே சேர்” என்று சிரித்தார். சிரிக்கலாம். ஆனாலும் பத்துப் பெயர்களை எழுதிய பட்டியல் ஒன்று எங்கோ ஒரு மேசையில் இருந்திருக்கும், அந்த மேசையில் நமது பெயர் யாருடைய வாயிலும் வரவில்லை, அல்லது வந்தும் நிற்கவில்லை. சிலை வேண்டாம் என்பது வேறு, ஞாபகமே வராமல் போவது வேறு.

பிறகு பாரிஸ், 1970. ஃபிலியோசாவின் ஊர். ஊர்வலம் கிடையாது, சிலை கிடையாது. ஆய்வாளர்கள் மட்டும் கூடிப் பேசிக் கலைந்தார்கள்.

நாலாவது மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில். அன்றைய அரசாங்கம் கொழும்பில் நடத்த விரும்பியது. ஏற்பாட்டாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வந்தது. கடைசியில் யாழ்ப்பாணம் என்று முடிவாகி, பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையேற்றார். வெளிநாட்டில் இருந்து வரவிருந்த சிலருக்கு விசா கிடைக்கவில்லை. அரசின் கை இல்லாமல் உள்ளூர் மக்களின் உழைப்பிலும் கொடையிலும் அது நடந்தது. ஜனவரி 10, கடைசி நாள் இரவு, வீரசிங்கம் மண்டபத்துக்கு முன்னால் கூடியிருந்த கூட்டத்தை பொலிஸார் கலைக்கப்போய், மின்கம்பி அறுந்து விழுந்து ஒன்பது பேர் மவுத்தாகிப் போனார்கள். அதற்குப் பிறகு இந்த நாட்டில் என்ன நடந்தது என்பதை நான் இங்கே எழுத வேண்டியதில்லை. ஒரு மாநாட்டை எங்கே வைப்பது, யார் செலவில் வைப்பது என்ற கேள்வி வெறும் நிர்வாகக் கேள்வி அல்ல என்று காட்ட இந்த ஒரு சம்பவம் போதும்.

அடுத்தது ஏழு வருடம் கழித்து, 1981இல் மதுரையில். எம்.ஜி.ஆர். ஆட்சி. அடிகளார் அதைக் காணவில்லை, 1980 செப்டெம்பர் முதலாம் திகதியே கண்ணை மூடிவிட்டார். அதன் பிறகு கோலாலம்பூர், மொரிஷியஸ். 1995இல் தஞ்சாவூர், ஜெயலலிதா ஆட்சி. அந்த மாநாட்டுக்குப் போன நமது பேராசிரியர் கா. சிவத்தம்பியைத் திருப்பி அனுப்பினார்கள். தமிழ் இலக்கிய வரலாற்றை வாழ்நாள் முழுக்க எழுதிய மனிதர் தமிழ் மாநாட்டின் வாசலில் இருந்து திரும்பி வந்தார்! வீட்டுக்காரர் யாரை உள்ளே விடுவார் என்பதும் வீட்டுக்காரரின் இஷ்டம்.

2010இல் இன்னொன்று நடந்தது. இதை நான் என் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கும் சொல்வதுண்டு. ஒன்பதாவது உலகத் தமிழ் மாநாட்டைக் கோயம்புத்தூரில் நடத்த முதலமைச்சர் கருணாநிதி விரும்பினார். பணம் இருக்கிறது, இடம் இருக்கிறது, ஆளணி இருக்கிறது. மன்றத்தின் தலைவராக அப்போது இருந்தவர் ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமா, சோழர் கல்வெட்டுகளில் ஊறிய மனிதர். ஆய்வாளர்கள் முறையாகக் கட்டுரை எழுதி வர இவ்வளவு குறுகிய காலம் போதாது என்று அவர் இசையவில்லை. அரசு காத்திருக்கவும் இல்லை. அந்த வருடம் ஜூனில் ‘உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு’ என்ற வேறு பெயரில் தன் விழாவை நடத்தியது. மன்றத்தின் பத்தாவது மாநாடு 2019இல் சிக்காகோ பக்கம், அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் வருடாந்த விழாவோடு சேர்ந்து நடந்தது. அப்படிப் பார்த்தால் டில்லி தலைகீழாகிவிட்டது. அன்று ஆய்வு மாநாட்டுக்குள் ஒரு தமிழ்க் கூட்டம், இன்று தமிழ் விழாவுக்குள் ஓர் ஆய்வு மாநாடு.

நான் கராஷிமாவின் பக்கம். ஆனால் அவர் ‘இல்லை’ என்று சொன்ன பிறகு மன்றத்திடம் தன் சொந்தச் செலவில் ஒரு மண்டபத்தை எடுக்க வழியிருக்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

இனி நமது வீட்டுக்கு வருவோம்.

இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்ற ஒன்று பல்கலைக்கழகத்தின் கண்ணில் பட்டது பாணந்துறை ஹேனமுல்லையைச் சேர்ந்த ம.மு. உவைஸ் அவர்களால். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணி பற்றி இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முதுமாணி ஆய்வு 1953இல் ஆங்கில நூலாக வந்தது. பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென்று அமைந்த பேராசிரியர் பதவிக்கு முதன்முதலாகப் போனவரும் அவர்தான். பீ.மு. அஜ்மல்கானோடு சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதினார். 1996இல் காலமானார்.

உவைஸ் ஒருபுறம் எழுதிக்கொண்டிருக்க, மறுபுறம் நமது சமூகம் மாநாடு வைக்கத் தொடங்கியது. கோலாலம்பூரில் உலகத் தமிழ் மாநாடு நடந்த அதே 1966இல் மருதமுனையில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு நடந்தது. புலவர்மணி ஷரிபுத்தீன் போன்றவர்களைப் பெற்ற ஊர், நெசவுத்தறிச் சத்தத்துக்குள்ளே கவிதை படித்த ஊர். அங்கே பிரதமர் வரவில்லை, அலங்கார வண்டி ஓடவில்லை. பிறகு 1973இல் திருச்சி, 1978இல் காயல்பட்டினம், 1979இல் கொழும்பு, 1990இல் கீழக்கரை என்று அந்த வரிசை போகிறது. ஊர்ப்பெயர்களை வாசித்தாலே விஷயம் விளங்கும். காயலும் கீழக்கரையும் தலைநகரங்கள் அல்ல, அரசின் மண்டபங்கள் இருக்கும் இடங்களும் அல்ல. கடல் வணிகத்தில் உழைத்தவர்களின் ஊர்கள். அந்த மாநாடுகளுக்கு உள்ளூர்த் தனவந்தர்கள் கை கொடுத்தார்கள்.

அந்த மாநாட்டு மலர்கள் சில என் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. வாப்பா சேர்த்து வைத்தது. ஒரு பக்கத்தில் படைப்போர் இலக்கியம் பற்றி அருமையான கட்டுரை, எதிர்ப்பக்கத்தில் புடவைக்கடை விளம்பரம். கிஸ்ஸா, நாமா, மசலா என்று வகைவகையாகப் பிரித்து எழுதியிருக்கும், நடுவில் ஒரு நகைக்கடை ‘மாநாடு சிறக்க வாழ்த்துகிறது’. சின்ன வயதில் எனக்கு இது பகிடியாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை. அந்தப் புடவைக்கடை கொடுத்த காசில்தான் அந்தக் கட்டுரை அச்சேறியது, இல்லாவிட்டால் அது கையெழுத்துப் பிரதியாகவே கரையானுக்குப் போயிருக்கும்.

ஆனால் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். நாம் பெரிய மாநாடுகளை வைத்தோம், சின்னச் செயலமர்வுகளை வைக்கவில்லை. ஐந்நூறு பேர் கேட்க இருபது பேர் பேசுவது ஒரு வேலை. எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரே ஒரு அரபுத்தமிழ் ஏட்டை வரிவரியாக வாசிப்பது வேறு வேலை. முதலாவது வேலைக்குப் பணம் கொடுக்க நமக்குத் தெரியும், ஏனென்றால் அங்கே மேடை இருக்கிறது, பனர் இருக்கிறது, பொன்னாடை இருக்கிறது. இரண்டாவது வேலையில் படம் பிடிக்கவும் ஒன்றும் இல்லை. எட்டுத் தலைகள் குனிந்திருக்கும், அவ்வளவுதான்.

அந்த இரண்டாவது வேலையைப் பிறர் செய்தார்கள். 1572இல் மதுரையில் அரங்கேறியது ஆயிர மசலா. அதைச் ஜாவா மொழிப் பிரதியோடும் மலாய்ப் பிரதியோடும் பக்கத்தில் வைத்து வாசித்து 2011இல் ஒரு பெரிய நூலை எழுதியவர் ரொனிட் ரிச்சி. இலங்கை மலாய்க் குடும்பங்களின் வீடுகளில் கிடந்த கையெழுத்துப் பிரதிகளைப் படம்பிடித்துப் பாதுகாத்ததிலும் அவருடைய கை இருக்கிறது. அதற்குப் பணம் வந்தது பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தில் இருந்து. நான் குறையாகச் சொல்லவில்லை, அந்தப் பணி நடந்தது பெரிய நன்மை. அவர்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்த ஏடு இன்று உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கக்கூடியதாக இருக்கிறது. நம் வீட்டுப் பெட்டிகளில் கிடப்பதோ? கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் கிதாபுகளை ஓதி வளர்ந்த உம்மும்மாமார் ஒவ்வொருவராக மவுத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு அந்த எழுத்தை வாசிக்கிற பழக்கமும் போகிறது. எங்களை முன்மொழிவு எழுத வைத்தது இந்தப் பயம்தான்.

நாங்கள் நாலு பேர். இரண்டு ஆசிரியர்கள், ஒரு நூலகர், அரபுக் கல்லூரியில் ஓதிக்கொடுக்கும் ஒரு ஹஸ்ரத். ஒரு பல்கலைக்கழகத்தின் வருடாந்த ஆய்வு மாநாட்டுக்கு அழைப்பு வந்தபோது, அதோடு சேர்த்து அரை நாள் ‘அரபுத்தமிழ் வாசிப்புச் செயலமர்வு’ வைக்கலாம் என்று எழுதினோம். டில்லிச் சூட்சுமம்தான். வரலாறு, தமிழ், அரபு, இஸ்லாமிய நாகரிகம் என்று எல்லாத் துறை ஆட்களும் எப்படியும் அங்கே வருவார்கள், நாங்கள் ஓர் அறை கேட்போம்.

முன்மொழிவு எழுதுவது எனக்குப் புதுப் பாடம். தமிழ்ச் சிறப்புப் பட்டம் படித்தவன் நான், தொல்காப்பியத்து எச்சவியலுக்கு உரை எழுதச் சொன்னால் எழுதுவேன். ‘எதிர்பார்க்கப்படும் வெளியீடுகள்’ என்ற பெட்டிக்குள் என்ன எழுதுவது? முதல் வரைவில் இரண்டு பக்கத்துக்கு அரபுத்தமிழின் பெருமையை எழுதியிருந்தேன். நூலகர் வாசித்துவிட்டு, “சேர், இது மீலாத் விழாப் பேச்சு. அவங்க கேக்கிறது, மூணு மணித்தியாலத்துல யார் என்ன படிப்பாங்க எண்டு” என்றார். அவர் சொன்னது சரி. பெருமையை வெட்டி எறிந்துவிட்டு, எந்த ஏடு, எத்தனை பக்கம், எத்தனை பேர், முடிவில் எழுத்தட்டவணை ஒன்று கையில் கிடைக்கும் என்று எழுதினோம். ஒன்றரைப் பக்கம். அதுதான் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

பிறகு அந்த இரண்டாவது வசனம். அறை இலவசம். வருகிற ஒவ்வொருவரும் மாநாட்டுப் பதிவுக்கட்டணம் கட்ட வேண்டும், எங்கள் ஹஸ்ரத் உட்பட. அதோடு வளவாளர் என்று பெயர் போடுவதற்குப் பட்டப்பின் தகைமை வேண்டுமாம். ஹஸ்ரத்துக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அரபுத்தமிழை தினகரன் வாசிக்கிற வேகத்தில் வாசிப்பார். அவரிடம் இருப்பது ஸனது, எம்.ஏ. அல்ல. எத்தனை தடவை எழுதியும் அந்த விதி அசையவில்லை. கடைசியில் அவர் ‘பங்குபற்றுநர்’ என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார், வளவாளர் என்ற அட்டையை நான் மாட்டிக்கொண்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

பணத்துக்காக நிதியங்களின் படிவங்களைப் பார்த்தோம். வெளிநாட்டு நிதியம் எதைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: உங்கள் நிறுவனம் எது? பதிவிலக்கம், வங்கிக் கணக்கு, கணக்காய்வு அறிக்கை. நாலு பேர் நிறுவனம் ஆக முடியாது. பல்கலைக்கழகத்தின் பெயரில் கேட்கலாம் என்றால், அதற்கு உள்ளே இருக்கும் விரிவுரையாளர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், அதற்கு அவருடைய துறையின் அனுமதி வேண்டும், அதற்குள் காலக்கெடு போய்விடும். அடிகளாருக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தின் துறைத்தலைவர் என்ற கதிரை எவ்வளவு உதவியிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. அவருடைய திறமைக்குப் பின்னால் ஒரு கடிதத் தலைப்பு இருந்தது.

ஆகவே ஊரில் கேட்டோம். தாராள மனசுள்ள ஒரு வியாபாரி, பள்ளிவாசலுக்குக் குழாய்க்கிணறு அடித்துக் கொடுத்தவர், பொறுமையாகக் கேட்டார். “சேர், சல்லி தாறதுல ஒண்டும் இல்ல. ஏழைப் புள்ளைக்குப் புத்தகம் வாங்க எண்டு செல்லுங்க, இப்பவே தாறேன். இது என்னத்துக்கு எண்டு எனக்கு வெளங்கல்ல. பழைய கிதாபை நாலு பேர் குந்தி வாசிக்க ஏன் சல்லி?”

அவரில் பிழை இல்லை. நமது கொடை மரபுக்கு ஏழை மாணவனைத் தெரியும். 1945இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கியபோது, பிள்ளைகள் பணமில்லாமல் படிப்பை விடக்கூடாது என்ற ஒரே வாக்கியத்தில் சமூகத்துக்கு விஷயம் விளங்கியது. எத்தனையோ வைத்தியர்களும் பொறியியலாளர்களும் ஆசிரியர்களும் அந்தக் கையைப் பிடித்து ஏறி வந்தவர்கள். ஆனால் படித்து முடித்தவர்கள் பிறகு எங்கே கூடுவது, எதை வைத்து ஆய்வு செய்வது என்பதற்கு அப்படி ஒரே வாக்கியத்தில் நாம் இன்னும் சொல்லவில்லை. பழைய காலத்து மதரஸாக்களில் வக்ஃபுச் சொத்தின் வருமானத்தில் இருந்து உஸ்தாதுக்கும் படிக்க வந்தவருக்கும் சேர்த்தே ஊட்டமும் உறைவிடமும் போனது. பக்தாதின் நிஸாமிய்யா அப்படித்தான் ஓடியது. கற்பவன் மட்டுமல்ல, கற்பவர்கள் கூடும் இடமும் செலவுக்குரியது என்பது நமக்குத் தெரியாத விஷயம் அல்ல, மறந்துபோன விஷயம். அந்த வியாபாரியிடம் நான் இதை எல்லாம் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. அவர் கடைசியில் பகல் சாப்பாட்டைப் பொறுப்பேற்றார். மற்றதை நாங்கள் நாலு பேரும் பகிர்ந்துகொண்டோம். ஹஸ்ரத்தின் பங்கை அவருக்குத் தெரியாமல் நூலகர் போட்டார்.

நாற்பது கதிரை போட்ட அறையில் பதினேழு பேர் வந்தார்கள். அதில் ஐந்து பேர் பக்கத்து அறையில் இடம் இல்லாமல் வந்தவர்கள் என்று நினைக்கிறேன். ஆனாலும் இருந்துவிட்டார்கள். நான் முன்னால் நின்று ஒரு தலைப்பாத்திஹாப் பிரதியின் முதல் பக்கத்தைத் திரையில் காட்டி வாசித்தேன். மூன்றாவது வரியில் பின்வரிசையில் இருந்து சத்தம் வந்தது.

“மகன், ‘த’ எண்டு வாசிக்கிறீங்க. கீழ புள்ளி ஈக்கி, பாக்கல்லியா? அது ‘ட’.”

பதினேழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹஸ்ரத் எழும்பி முன்னால் வந்தார். அதற்குப் பிறகு இரண்டரை மணித்தியாலம் அவர்தான். ஒரு சிங்கள விரிவுரையாளர், கல்வெட்டுத் துறைக்காரர், தன் கொப்பியைத் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்து எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதினார். பகல் சாப்பாடு ஆறிவிட்டது.

இந்த வருடத்து மாநாட்டுக்கு மறுபடியும் எழுதியிருக்கிறோம். இம்முறை பதிவுசெய்த ஒரு நூலகச் சங்கத்தின் கடிதத் தலைப்பில் போயிருக்கிறது, கணக்காய்வு அறிக்கையும் இணைத்திருக்கிறது. பாதீட்டில் முதல் வரி ஹஸ்ரத்தின் பதிவுக்கட்டணமும் வான் கூலியும். பதவி என்ற கட்டத்தில் ‘மூலப்பிரதி வாசிப்பாளர்’ என்று எழுதியிருக்கிறோம், அந்தப் பெயருக்குத் தகைமை விதி எதுவும் அவர்களுடைய படிவத்தில் இல்லை. பதில் இன்னும் வரவில்லை.